பதினேழாம் நாள் படம்

மலைமேல் இருக்கும் வெள்ளக்கடை மரியஜோசப்பை ஊரில் ‘கரண்டு ஆஸ்பத்திரிக்காரர்’ என்பார்கள். சேலத்தில் புற்றுநோய்க்குக் கதிர் வைக்கும் அறையில் பதினெட்டு வருடமாக வேலை. காலையில் வண்டியை எடுத்தால் குப்பனூர் வழியாக மலையிறங்கிவிடுவார். கதிரை வைப்பது மெஷின்தான். சரியான இடத்தில் வைக்கிறதா என்று பார்ப்பது இவர். ஆளைப் படுக்கவைத்துத் தினமும் முதலில் ஒரு ஸ்கேன். டாக்டர் போட்டுக் கொடுத்த படத்தின் மேல் அதைப் பொருத்திப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் பொத்தான். கொஞ்சம் பிசகினாலும் ஆளை இறக்கிவிட்டு மறுபடி படுக்கவைப்பார். அவ்வளவு கறார்.

அந்தக் கறார் மனிதர் ஒருநாள் ஏமாந்துபோனார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் தெரிந்தேதான் செய்தார்.

பாவாயிக்குக் கருப்பை வாயில் கட்டி. மலைமேல் காப்பியும் ராகியும் போடுகிற குடும்பம். இருபத்தைந்து நாள் கதிர். படுக்குமுன் வயிறு முட்டத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது குடலை ஒதுக்கி நிறுத்தும். காலியாக இருந்தால் குடல் சரிந்து கதிருக்குள் வந்து புண்ணாகிவிடும்.

பதினேழாம் நாள் வழக்கம்போல், “தண்ணி குடிச்சீங்களாக்கா?” என்று கேட்டார்.

“குடிச்சனுங்க சாரு.”

படம் வந்தது. பை வாடி ஒட்டிக் கிடந்தது. குடல் கீழே இறங்கியிருந்தது. பாவாயியின் கையில் புது மஞ்சள் கயிறு. அன்றைக்குச் சேர்வராயன் கோயில் திருவிழா. சாமியைப் பார்க்கும்வரை பச்சைத் தண்ணி பல்லில் படாத விரதம் என்று மலைக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தால் விரதமும் போகும், மலையேறுகிற பஸ்ஸும் போகும். ஒரு நாள்தானே என்று பொத்தானை அழுத்தினார்.

அதன்பிறகு அந்தப் படம் அவரை விடவில்லை. யாரைப் படுக்கவைத்தாலும் திரையில் முதலில் அந்த வாடிய பைதான் தெரியும். கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் எதிரே இருக்கும் படத்தைப் பார்ப்பார். மனைவி ஈவ்லினிடம் சொல்லவில்லை. சர்ச்சில் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட இதை மட்டும் விழுங்கிவிடுவார்.

ஒன்றரை வருடம் கழித்துப் பாவாயியின் கணவர் மாதேஸ்வரன் வழியில் அவர் வண்டியை மறித்து நிறுத்தினார்.

“அவளுக்கு வெளிக்குப் போனா ரத்தமாப் போகுதுங்க. சாமி குத்தம்னு ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேங்கறா. ஊட்டுக்கு வந்து நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

வீட்டில் பாவாயி வெளுத்துப்போய்ச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

“விரதத்தன்னைக்குப் பொய் சொல்லிப்போட்டனுங்க சாரு. தண்ணி குடிச்சேன்னு உங்ககிட்டச் சொன்னனே. சாமி குடுத்தது, அனுபவிச்சுத்தான் தீரோணும்.”

வாயைத் திறந்தால் மரியஜோசப்பின் வேலைக்கே ஆபத்து. திறக்காவிட்டால் இந்தப் பெண் இப்படியே கிடந்து செத்துப்போவாள்.

“சாமி இல்லீங்கக்கா, நானு. நீங்க குடிக்கலைன்னு படத்துலயே தெரிஞ்சுது. நான் நிறுத்தியிருக்கோணும். அந்த ஒரு நாளால வந்துச்சா, இல்ல கரண்டு வெச்சா சிலருக்கு வர்றதுதானான்னு டாக்டராலயே சொல்ல முடியாதுங்க. ஆனா வைத்தியம் இருக்குது, வாங்க.”

பாவாயி திட்டியிருந்தால் தேவலை.

“பாத்துட்டு ஏனுங்க சாரு சொல்லல?”

பஸ் என்றார், கூட்டம் என்றார், விரதம் என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே கேவலமாக இருந்தது.

மறுநாள் காலை பாவாயி மாதேஸ்வரனோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். குடலுக்குள் குழாய் விட்டு ரத்தத்தை நிறுத்தினார்கள். பிழைத்துக்கொண்டாள். மரியஜோசப் நடந்ததை ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்து, பிறகு சேர்த்துக்கொண்டார்கள்.

வாடிய பை இப்போது திரையில் வருவதில்லை. பொத்தானுக்கு விரல் போகும்போது காதோரம் பாவாயி கேட்ட அந்தக் கேள்விதான் வருகிறது. படத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டுத்தான் அழுத்துகிறார்.

பாவாயியும் அவரை வழியில் பார்த்தால் நின்று, ஈவ்லின் சுகமா என்று கேட்கிறாள். ‘சாரு’ என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள்.