நான் பார்க்காத மஞ்சள்

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். என் வலது கையில் கைப்பேசி, இடது கையில் விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். குழாய் காலியாக இருந்தது. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல் ஏறி நின்றால்தான் அந்த ஊரில் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்றுகொண்டு, சுகாதார ஆய்வாளர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். "மஞ்சள் வந்துச்சுங்களா டீச்சர்?" என்றார். "வந்துச்சுங்க சார்" என்றேன். அவருக்குப் பின்னால் மேளச் சத்தமும் ஜனங்களின் இரைச்சலும் கேட்டன. "அப்பாடா, ஒரு இடம் முடிஞ்சுது" என்று வைத்துவிட்டார். பாறைக்குக் கீழே பந்தலின் தண்ணீர்க் குழாயைச் சுற்றிப் பிள்ளைகள் தள்ளிக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் என் பள்ளிப் பிள்ளைகள். கெட்டது நடக்கத் தொடங்கிய நேரம் எது என்று யாராவது கேட்டால், நோய் வந்த நேரத்தைச் சொல்லமாட்டேன். இந்த ஆறு நாற்பதைத்தான் சொல்வேன்.

நான் ராசிபுரம் பக்கத்திலிருந்து கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த பள்ளி ஆசிரியை. கணவருக்குக் கீழே சமவெளியில் வேலை. ஒன்பது வயது மகளோடு திண்ணனூர் நாட்டில் பள்ளிக்கு அருகிலேயே குடியிருக்கிறேன். சில ஊர்கள் சேர்ந்த தொகுதியை மலையில் நாடு என்பார்கள். எனக்குப் பயந்த சுபாவம். மகள் ஒரு முறை தும்மினால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். மலைக்கு வந்த நாளிலிருந்து அவளுக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத் தவிர வேறு எதுவும் கொடுத்ததில்லை. பள்ளிக்குப் போனாலும் விருந்துக்குப் போனாலும் அவள் கழுத்தில் ஒரு நீலப் பாட்டில் தொங்கும். சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். சுகாதார ஆய்வாளர் மட்டும் கேலி செய்ததில்லை. என் வயதுதான் இருக்கும் அவருக்கு. ஸ்கூட்டரின் முன்னால் ஒரு வாளி, வாளிக்குள் பிளீச்சிங் பவுடர் பொட்டலங்கள். அவர் வந்து போன பிறகும் அந்த நெடி கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும். ஊரில் அவருக்கு 'பவுடர் சார்' என்று பெயர். குழாயடியில் ஒரு பெண், "ஏனுங் சார், கல்யாணத்துக்குப் போனாலும் இந்த வாசத்தோடதான் போவீங்களா?" என்று கேட்டபோது, "பொண்ணு பார்க்கப் போனப்பவே இந்த வாசந்தானுங்க. அவளே ஒத்துக்கிட்டா, உங்களுக்கென்னங்க?" என்றார். குடத்தை இடுப்பில் வைத்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் தண்ணீர் தளும்பிச் சிந்தியது.

போன வருடம் ஆடித் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவர் ஊற்றைப் பார்க்க வந்தார். கோயிலுக்கு மேலே பாறை இடுக்கில் இருக்கும் ஊற்று அது. முன்பெல்லாம் குடத்தில் சுமந்தார்களாம். இப்போது ஊற்றிலிருந்து ஒரு ஹோஸ் இறங்கி வந்து பந்தலுக்குப் பக்கத்தில் வைத்த கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியை நிரப்புகிறது. அம்மனுக்குக் குளிக்க ஏழு குடம், பொங்கலுக்கு, மோருக்கு, வந்த ஜனம் குடிக்க எல்லாம் அந்த ஒரே தொட்டிதான். மூன்று நாட்டு ஜனமும் கூடும் விழா. முந்தின நாளே வருகிறவர்கள் ஊற்றுக்கு மேலே உள்ள சரிவில்தான் தங்குவார்கள். அவர் அந்தச் சரிவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இத்தனை பேரு ராத்திரி இங்க தங்கி, விடியறதுக்குள்ள ஒரு மழை பேஞ்சா, அத்தனையும் எங்க வரும் டீச்சர்?" என்றார். நான் ஊற்றைப் பார்த்தேன். அவருக்குத் திருவிழா நாளில் மலையின் மறுபக்கத்தில் இதைவிடப் பெரிய கூட்டத்தில் வேலை. இங்கே நிற்க ஆள் இல்லை. ஒரு சின்னப் பெட்டியை என்னிடம் நீட்டினார். உள்ளே கண்ணாடிக் குழாய்கள், புதிதாய் ஒரு சொட்டு மருந்துப் பாட்டில். பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரைத் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு விடவேண்டும். தண்ணீர் மஞ்சளாக மாறினால் மருந்து வேலை செய்கிறது, குடிக்கலாம். மாறாவிட்டால் குடிக்கக்கூடாது. "பார்க்கறதுக்கு எல்லாத் தண்ணியும் ஒரே மாதிரிதான் இருக்கும். நீங்க பயந்தவங்க. பயந்தவங்கதான் இந்த வேலைக்குச் சரி" என்றார். அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

திருவிழா அன்று விடிவதற்கு முன்பே மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஐந்தரைக்கெல்லாம் வாளியில் பவுடரைக் கரைத்து, தட்டைப் போட்டு மூடி, தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். ஊர்க்கவுண்டர் வந்தார். ஊருக்குத் தலைவர், மெதுவாகப் பேசுகிற மனிதர். "டீச்சர், ஏழு குடம் எடுக்கற வரைக்கும் தொட்டியில ஒண்ணும் ஊத்த வேண்டாமுங்க. சாமிக்குக் குளிக்கற தண்ணிங்க. பெரக்கரைக்காரங்க கைபட்டுத்தான் எடுக்கணும், அது அவங்க உரிமை. எறங்கிட்டாங்களாம், இதா வந்தர்றாங்க" என்றார். அம்மனின் தாய்வீடு பெரக்கரை நாடு என்பது அங்கே நம்பிக்கை. தாய்வீட்டார்தான் மகளைக் குளிப்பாட்டவேண்டும். எனக்கு அது பிடித்தும் இருந்தது. சரி என்றேன். குடிக்கும் குழாயை அதுவரை மூடிவைக்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. சமவெளியிலிருந்து வந்து சட்டம் பேசுகிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். அந்த ஊர் என்னை ஒரு வேலைக்கு நம்பி நிறுத்தியது அதுதான் முதல் முறை. அதற்குள் ஆய்வாளர் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்த நேரம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நடக்கப்போகிறதைத்தானே சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு பாறையில் ஏறினேன்.

பெரக்கரைக்காரர்கள் வந்த வண்டி வழியில் நின்றுவிட்டது. அவர்கள் நடந்து வந்து சேர்ந்து, ஏழு குடம் எடுத்து முடித்தபோது மணி பத்தே கால். அந்த மூன்றரை மணி நேரமும் நான் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். குடங்கள் நிரம்புவதைப் பார்த்தேன். பெரிய அண்டாவில் மோர் கரைப்பதைப் பார்த்தேன். பிள்ளைகள் உள்ளங்கையைக் குவித்துக் குடிப்பதைப் பார்த்தேன். என் மகள் அவளுடைய பெஞ்சுத் தோழியோடு ஓடி வந்து குழாயடியில் நின்றாள். தோழி குனிந்து குடித்தாள். என் மகளும் குனிந்தாள். "கண்ணு, ஒன் பாட்டில் இருக்குதில்ல, அதக் குடி" என்றேன். அவள் நிமிர்ந்து பாட்டிலைத் திறந்தாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்ன வாயால், பக்கத்தில் குனிந்திருந்த பிள்ளைக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியும். இரண்டு தலைகளும் ஒன்றையொன்று முட்டும் தூரத்தில்தான் இருந்தன. பத்தே காலுக்கு வாளியை ஊற்றினேன். ஊற்றியாகிவிட்டதே, இனி என்ன சோதனை என்று மருந்துப் பாட்டிலைத் திறக்கவும் இல்லை.

மறுநாள் மதியம் ஆரம்பித்தது. முதலில் ஒரு வீட்டில் வாந்தி, பேதி என்றார்கள். பொழுது சாய்வதற்குள் எங்கள் ஊரில் மட்டும் எத்தனையோ வீடுகள். ஆய்வாளர் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களைத் தோளில் சுமந்துகொண்டு ஒற்றையடிப் பாதைகளில் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வி, எங்கே தண்ணீர் குடித்தீர்கள் என்று. எழுதிக்கொண்டே என் வீட்டுக்கும் வந்தார். மகள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். "பாப்பா நல்லா இருக்குதா? பந்தல்ல தண்ணி குடிச்சியா சாமி?" என்று கேட்டார். "இல்ல சார். அம்மா எனக்கு ஊட்லயே காய்ச்சின தண்ணி குடுத்துட்டாங்க" என்றாள் அவள், பெருமையாக. அவர் எழுதவில்லை. நோட்டை மூடி, "பெட்டியைக் குடுங்க டீச்சர்" என்றார். கொடுத்தேன். வாசலில் நின்று அதைத் திறந்து பார்த்தார், மூடினார், போய்விட்டார். ஒரு கண்ணாடிக் குழாய் மட்டும் என் கைப்பையிலேயே தங்கிவிட்டது. அதை நான் வெகுநாள் கழித்துத்தான் கண்டேன்.

மகளின் தோழியைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மலைப்பாதையின் எழுபது வளைவுகளும் அவள் அம்மாவின் மடியில் துவண்டு கிடந்தாளாம். "அம்பதாவது வளைவுல கண்ணு ரெண்டும் மேல சொருகிருச்சுங்க டீச்சர். அவ்வளவுதான்னு நெனச்சுட்டேன்" என்று அந்த அம்மா பிறகு என்னிடம் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பிள்ளை பிழைத்துத் திரும்பியது. விசாரணை வந்தது. அதிகாரிகள் என்னையும் கேட்டார்கள். பவுடர் ஊற்றினோம் என்றேன், எத்தனை மணிக்கு என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆய்வாளர், நேரில் வந்து பார்க்காதது தன் தவறு என்று எழுதிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். மாற்றல் உத்தரவு வந்து, தூரத்து மாவட்டம் ஒன்றுக்குப் போனார். ஸ்கூட்டரை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்ததைப் பள்ளி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே இறங்கிப் போகவில்லை.

இந்த ஆடி பிறந்ததும் ஊர்க்கவுண்டர் பள்ளிக்கு வந்தார். "போன வருசம் அந்தப் பவுடர் சாரு நம்மள ஏமாத்திப் போட்டாரு. இந்தத் தடவ தண்ணிய நீங்களே பார்த்துக்கங்க டீச்சர். ஒங்களத்தான் நம்பறோம்" என்றார். அன்று மாலை ஆய்வாளருக்குப் போன் செய்தேன். நலம் விசாரித்துவிட்டு, அந்த ஆறு நாற்பதைச் சொன்னேன். முடித்ததும், "தெரியுமுங்க டீச்சர்" என்றார். "மருந்துப் பாட்டிலு சீல் உடையாம அப்படியே இருந்துச்சு. அன்னைக்கே பார்த்துட்டேன்." ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா உங்க வேலையும் போயிருக்கும். பாப்பாவ வெச்சுக்கிட்டு நிக்கறீங்க. அதுவுமில்லாம நானும் ஒழுங்கில்லீங்க. எனக்கு அன்னைக்கு மஞ்சள்னு ஒரு பதில் தேவைப்பட்டுது. நீங்க குடுத்தீங்க, வாங்கிக்கிட்டேன்." பிறகு, "என்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது? தண்ணி குடிச்சவங்ககிட்ட சொல்லுங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தோழியின் அம்மா சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், மகளின் நீலப் பாட்டிலையும் சேர்த்து. அவர் கை நிற்கவேயில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒங்க புள்ள அந்தத் தண்ணி ஒரு வாயும் குடிக்கலீங்களா?" இல்லை என்றேன். "சரிங்க. பொழுது ஏறுது" என்று அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டார். நான் திரும்பி வந்தேன். பிறகு ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். ஆய்வாளரின் அலுவலகத்துக்கும் எழுதி அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. கூட்டத்தில் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. ஊர்க்கவுண்டர் மட்டும், "ஒரு வார்த்த கேட்டிருந்தா சாமிக்கு ஒண்ணு, ஜனத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு தொட்டி வெச்சிருப்போமுங்களே டீச்சர். அதுக்கென்ன, சாமி வேண்டாம்னா சொல்லப்போவுது?" என்றார். இவ்வளவு எளிதாக முடிந்திருக்கவேண்டிய காரியம் அது. அவர்களுடைய நம்பிக்கை குறுக்கே நின்றது என்று ஒரு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். குறுக்கே நின்றது என் வாய்தான்.

போன வாரம் திருவிழா. இரண்டு தொட்டிகள் வைத்தார்கள். தண்ணீருக்கு நானே நிற்கட்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். அது நம்பிக்கையா தண்டனையா என்று எனக்குத் தெரியவில்லை. பவுடர் நீரை ஊற்றி அரை மணி நேரம் கழித்து, புதிய ஆய்வாளர் கொடுத்த மருந்துப் பாட்டிலின் சீலை உடைத்தேன். கைப்பையில் தங்கிவிட்ட அந்தப் பழைய குழாயைக் கழுவி, அதில்தான் தண்ணீர் பிடித்தேன். சொட்டு விழுந்தது. தண்ணீருக்குள் ஒரு நூல் போல இறங்கி, பிறகு மெல்ல மெல்ல முழுவதும் மஞ்சளானது. மஞ்சளை நான் பார்த்தது அப்போதுதான். கைக்கடிகாரத்தில் ஆறு நாற்பது தாண்டியிருந்தது. குழாயை உயர்த்திப் பிடித்துக் காட்டினேன். ஆனால் யாரும் கிட்டே வரவில்லை. குடங்களோடு வந்த பெண்கள் தள்ளியே நின்றார்கள். வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தவர்கள் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டார்கள். அப்படி இழுத்துக்கொள்ளும் கை எனக்குப் பழக்கமான கைதான்.

வெயில் வந்தது. என் மகள் பக்கத்தில் நின்றாள். அவள் கழுத்தில் நீலப் பாட்டில் தொங்குவதை அப்போதுதான் கவனித்தேன். காலையில் பழக்க தோஷத்தில் நான்தான் நிரப்பி மாட்டியிருக்கிறேன். இத்தனைக்கும் பிறகு. அதைக் கழற்றலாமா, கழற்றினால் எல்லோரும் பார்ப்பார்களே என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, கூட்டம் விலகியது. தோழியின் அம்மா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். இன்னொரு கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். என் எதிரில் வந்து நின்று, என் கையில் இருந்த கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். பிறகு என் மகளின் கழுத்தைப் பார்த்தார். டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"மொதல்ல ஒங்க புள்ளைக்கு ஒரு டம்ளர் குடுங்க டீச்சர். அப்பறம் எம்புள்ள குடிப்பா."