ஏதென்ஸில் ஒரு பஸ் போர்டு

நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். லண்டனில் வேலை பார்க்கும் மகன் போன வருஷம் எனக்கு ஏதென்ஸ் நகரத்தைச் சுற்றிக் காட்டினான். மலைமேல் பெரிய கோயில். உள்ளே சாமிதான் இல்லை. திரும்பும்போது பஸ் போர்டைப் பார்த்து விழித்தான்.

“இன்னாடா, படிச்சவன்தானே நீ?”

“இது வேற எழுத்தும்மா. ஓட்டலுக்கு எது போவுதுன்னே தெரியல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் நான் தினமும் இப்படித்தான். நான் யாரையாவது கேட்டால், சின்ன வயதில் இவன் வெட்கப்பட்டுத் தள்ளி நிற்பான். இப்போதும் அவனுக்குக் கேட்கக் கூச்சம்.

ஓட்டல் பேர் போட்ட சாவியை ஒரு கிழவியிடம் நீட்டினேன். கையைப் பிடித்துச் சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

“தெனமும் இப்டித்தான் கேட்டுக்கினு போனியாம்மா?” என்றான் மெதுவாக.

“ஆமாம்பா. கேட்டா சொல்லப்போறாங்க.”

ஊர் திரும்பியதும், காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் நான் கேட்காமலே ஒவ்வொரு போர்டாகப் படித்துச் சொன்னான். தெரிந்த ஊர்கள்தான். ஆனாலும் நின்று கேட்டேன்.