மடிக்காத இலை

நேற்று பழனிசெட்டிபட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் கண்ணில் பட்ட முதல் முகம், இந்த ஜென்மத்தில் இனிப் பார்க்கவே கூடாது என்று நான் நினைத்திருந்த முகம். ஆள் நேரில் வரவில்லை, ஃபிளெக்ஸில் வந்திருந்தார். ஏதோ கல்லூரி விழாவுக்குச் சிறப்பு விருந்தினராம். கோட்டு, டை, கும்பிட்ட கை, எல்லாப் பல்லும் தெரிகிற சிரிப்பு. கீழே கொட்டை எழுத்தில் ‘நம்பிக்கையின் மறுபெயரே!’ மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்கப் போன எனக்கு வாஷரும் மறந்தது, மிக்ஸியும் மறந்தது. அந்தப் பெயரைச் சொல்லி என் வாயைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். முதலாளி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளெக்ஸுக்குப் பின்னால் எங்கேயோ திராட்சை ஏற்றிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. அடிபட்ட பன்னீர் திராட்சை வெயிலில் புளிக்கிற வாடை வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்துவிட்டு திராட்சை பிடிக்காது என்று சொன்னால் ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன். பிடிக்காது. அந்த முதலாளியிடம் நான் வேலை பார்த்த ஆபீஸ் ஒரு திராட்சைக் கொட்டகைக்கு மேல் மாடியில் இருந்தது. கம்ப்யூட்டர் மேலெல்லாம் குளவி. டிபன் பாக்ஸைத் திறந்தால் நமக்கு முன்னால் அது உட்கார்ந்துவிடும். ஆனாலும் அந்தக் குளவிகள் மேல் எனக்குக் கோபமில்லை. அவை சிரித்துக்கொண்டே கொட்டியதில்லை.

அங்கே நாங்கள் செய்தது ஸ்டோரேஜ் பெட்டி. கல்யாண ஸ்டுடியோக்காரர்கள் எடுத்த வீடியோவையெல்லாம் கொட்டி வைக்கிற, உள்ளே ஹார்ட் டிஸ்க் அடுக்கிய பெட்டி. அதில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிமட்டத்தில் கெர்னல் என்று ஒன்று உண்டு. ‘இதை எழுது’ என்று டிஸ்க்குக்குச் சொல்லி அனுப்புவதும், எழுதியாயிற்றா என்று கவனித்துக்கொண்டிருப்பதும் அதன் வேலை. அந்தக் கவனிப்பைத்தான் நானும் நூர்ஜஹானும் பார்த்துக்கொண்டோம். நூர்ஜஹான் உத்தமபாளையத்துப் பெண். என்னைவிட இளையவள், என்னைவிடக் கெட்டிக்காரி, என்னைவிடக் குறைவாகக் கத்துகிறவள். கடைசியாகச் சொன்னது யாருக்கும் சுலபம்.

விஷயம் இதுதான். டிஸ்க் ஒரு படத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தப் படம் மெமரியில் ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். டிஸ்க் ‘முடிந்தது’ என்று சொல்லும் வரை அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. பந்தியில் பார்த்திருப்பீர்கள். சாப்பிடுகிறவர் இலையை மடித்தால்தான் முடித்துவிட்டார் என்று அர்த்தம். அடுத்த பந்திக்காரர் நாற்காலிக்குப் பின்னால் நின்று எவ்வளவு முறைத்தாலும் மடிக்காத இலையை எடுக்கிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. எங்கள் முதலாளி எடுக்கச் சொன்னார். டிஸ்க் கொஞ்சம் தாமதித்தால், முடித்திருக்கும் என்று வைத்துக்கொண்டு அந்த இடத்தை அடுத்த படத்துக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். பெட்டி அசுர வேகத்தில் ஓடுவது போல் இருக்கும். டெமோ பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

“இலைய மடிக்கிறதுக்கு முன்ன எடுக்கலாமா சார்?” என்று நூர்ஜஹான் கேட்டாள்.

“ஏம்மா, நான் பொட்டி விக்க வந்திருக்கேன். பந்தி வைக்கவா வந்திருக்கேன்?” என்றார் முதலாளி.

அவள் வாயாடவில்லை. உட்கார்ந்து எழுதினாள். எழுதப் போயிருக்கும் ஒரு படத்தைப் புரோகிராமின் எந்தப் பகுதி பார்க்க வந்தாலும் முதலில் அதன் மேல் ஒரு கையை வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் கையை எடுக்க வேண்டும். டிஸ்க்குக்கும் இதே சட்டம், தாமதமாகிறதா என்று எட்டிப் பார்க்கிற காவல்கார புரோகிராமுக்கும் இதே சட்டம். கடைசிக் கையும் எடுபட்ட பிறகுதான் இடம் காலி. சின்ன வேலைதான். பெட்டியின் வேகம் ஒரு துளி குறைந்தது. நாங்கள் இருவரும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி யாரையோ வைத்து அந்த வரிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். அது எங்களுக்குத் தெரிய வந்தது ஒரு கல்யாண வீடியோவால்.

சின்னமனூர் ஸ்டுடியோக்காரர் பிச்சைமணி எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். கூடவே செல்வி என்று ஒரு பெண். மேகமலை எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவள். அவளுக்குக் கல்யாணமான சில வாரங்களிலேயே அவளுடைய அப்பா இறந்துவிட்டார். அவர் நடமாடுகிற படம் உலகத்திலேயே அந்தக் கல்யாண வீடியோவில் மட்டும்தான் இருந்தது. கேமரா கார்டை அடுத்த விசேஷத்துக்காக அழித்தாயிற்று. மிச்சம் எங்கள் பெட்டி.

பிச்சைமணி ஓட்டிக் காட்டினார். மண்டப வாசலிலிருந்து அப்பா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மணவறைக்கு நடக்கத் தொடங்குகிறார். ஒரு காலை எடுத்து வைக்கிறார். அடுத்த நொடி திரையில் ஒரு கெடாவெட்டு. அதே நேரத்தில் பெட்டியில் ஏறிக்கொண்டிருந்த வேறு யாரோ வீட்டு விசேஷம். அண்டாவில் குழம்பு கொதிக்கிறது. ஒருவர் எலும்பைக் கடித்தபடி கேமராவைப் பார்த்துக் கையாட்டுகிறார். மறுபடி கல்யாணம் வரும்போது அப்பா மணவறை ஓரத்தில் போட்டோவுக்காக விறைத்துக்கொண்டு நிற்கிறார். பிறகு கடைசி வரை நின்றுகொண்டேதான் இருக்கிறார்.

“போட்டோ நெறையா இருக்குண்ணே,” என்றாள் செல்வி. “போட்டோவுல எங்கப்பா நடக்க மாட்டாகல்ல.”

அவருக்கு வலது கால் கொஞ்சம் வெளியே வீசி விழுமாம். தேயிலைச் சரிவில் நடந்து நடந்து வந்த நடை. வீட்டுக்குள் இருந்தபடியே, கல்லில் செருப்பு விழுகிற சத்தத்தை வைத்து அப்பா வருகிறார் என்று சொல்லிவிடுவாளாம்.

முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார். சிரித்தார். நேற்று பார்த்தேனே, அதே சிரிப்பு. “இவரு எழுதிக்கிட்டு இருக்கும்போது ஒயரப் புடுங்கியிருப்பாரும்மா. எங்க பொட்டி அப்பிடியெல்லாம் பண்ணாது.”

“நான் தொடவே இல்ல தாயி,” என்றார் பிச்சைமணி. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

நூர்ஜஹான் அதற்குள் பெட்டியில் ஓடும் புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டாள். அவள் எழுதிய வரிகள் இல்லை. எழுந்து நின்றாள். “இவர் மேல தப்பில்ல செல்வி. எங்க பொட்டிதான் தப்பு. ஒங்க அப்பாவ எழுதி முடிக்கிறதுக்குள்ள அந்த எடத்த இன்னொரு வீட்டுக்குக் குடுத்திருச்சு. குடுக்கக் கூடாதுன்னு நான் எழுதி வச்சிருந்தேன். சார் எடுத்துட்டாக.”

அந்த நேரத்திலும் ‘எடுத்துட்டாக’ என்றாள். அந்த மரியாதைதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் வரும், அதுவும் தப்புத் தப்பாக வரும். என்ன சொன்னேன் என்று பாதி எனக்கே விளங்கவில்லை. முதலாளிக்கு விளங்கிவிட்டது. நாளையிலிருந்து ரெண்டு பேரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டார்.

செல்வி இந்தச் சண்டையைக் காதில் வாங்கவே இல்லை. நூர்ஜஹானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அவுக கெடாவெட்டு எங்க கல்யாணத்துக்குள்ள வந்திருக்குல்ல. அப்ப எங்கப்பா அவுக வீடியோவுக்குள்ள போயிருப்பாகளா?”

போயிருக்க முடியாது. எனக்கும் தெரியும், நூர்ஜஹானுக்கும் தெரியும். மெமரியில் அந்த இடத்தில் கெடாவெட்டு வந்து விழுந்தபோதே அவர் அழிந்துவிட்டார், டிஸ்க்குக்குப் போய்ச் சேரவே இல்லை. இதைச் சொல்ல நான் வாயெடுத்தேன். நூர்ஜஹான் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டேன். “இங்கன உக்காரு, பாப்பம்,” என்று செல்விக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

முழுக் கெடாவெட்டையும் பார்த்தோம். யார் யாரோ வந்தார்கள், கறிக்குச் சண்டை போட்டார்கள், இலையை மடித்துவிட்டு எழுந்தார்கள். வேட்டி கட்டிய ஆள் யாராவது குறுக்கே போனால் செல்வி திரைப்பக்கம் குனிவாள். பிறகு சாய்ந்துகொள்வாள். கீழே கொட்டகையில் திராட்சைப் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். பந்தி எல்லாம் முடிந்து, ஓர் ஆள் மேசையைத் துடைப்பதோடு படம் நின்றுவிட்டது. “சரிக்கா,” என்று செல்வி எழுந்துகொண்டாள்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. பெட்டிகள் காயலான் கடைக்குப் போயின. கல்யாணத்தைத் தொலைத்தவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டு, பிச்சைமணி ஸ்டுடியோவையே மூடினார். முதலாளி மட்டும் எங்கேயும் போகவில்லை. பஸ் ஸ்டாப்பில் காற்றுக்கு ஆடிக்கொண்டு, போகிற வருகிறவர்களையெல்லாம் கும்பிடுகிறார். நாசமாய்ப் போகட்டும்.

நூர்ஜஹானும் செல்வியும் எப்போதாவது போனில் பேசிக்கொள்வார்கள். செல்விக்கு இப்போது ஒரு மகள். தாத்தா எப்படி நடப்பார் என்று கேட்கிறாளாம். செல்வி எழுந்து வீட்டுக்குள் நடந்து காட்டுவாளாம்.

“மொதல்ல நல்லா வந்துச்சுக்கா,” என்று போன மாதம் சொன்னாளாம். “இப்ப வீசி விழுறது எந்தக் காலுன்னே சந்தேகமா இருக்கு.”