வாக்கர் அண்ணையின் பெயர்

அவரது சட்டைப் பையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டியைத்தான் நான் முதலில் பார்த்தேன். வெஸ்ட்மீட்டில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு அன்று முதல் நாள் வேலை. வெள்ளைப் பட்டியில் நீல எழுத்தில் 'வாக்கர்' என்றிருந்தது. ஆளைப் பார்த்தால் எங்கள் நிறம், எங்கள் முகவெட்டு, காதோரம் நரைத்த சுருட்டை முடி. நான் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் என்னை அறிமுகப்படுத்தியபோது, "தமிழ்தானே தங்கச்சி? பயப்பிடாம வாங்கோ, எல்லாம் காட்டித்தாறன்" என்றார். சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். அந்தப் பெயரையும் அந்தக் குரலையும் ஒன்றாகப் பொருத்த முடியாமல் கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டு நின்றேன்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயரைத்தான் கடைசிப் பெயராக எழுதுகிறோம். என் அப்பாவின் பெயர் நீளமானது. நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் எந்த அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டாலும் பாதியில் மூச்சு முட்டி நிறுத்திவிடுவார்கள். அந்த நிறுத்தத்தைக் கேட்டதுமே நான் எழுந்துவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. ஆகவே தகப்பனின் பெயரை வெட்டி எறிந்துவிட்டு வெள்ளைக்காரப் பெயர் வைத்துக்கொண்ட மனிதரை எனக்குப் பிடித்திருந்தாலும், உள்ளுக்குள் ஓர் இளக்காரம் இருந்தது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஆங்கிலப் பெயர் இருந்தால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள். அவரும் அதற்காகத்தான் மாற்றியிருப்பார் என்று முடிவுகட்டியிருந்தார்கள். தமிழ்ப் பள்ளி விழாக்களில் அவர் வந்தால், வாக்கரைத் தமிழாக்கி "நடைராசா வாறார்" என்று கதிரைகளுக்குப் பின்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஊரில் எவடம் என்று கேட்டால் "யாழ்ப்பாணம் பக்கம்" என்பார். மேலும் கேட்டால், "கனக்க இடத்தில இருந்தனாங்கள்" என்று சொல்லிவிட்டு மாதிரிக் குழாய்களை அடுக்கத் தொடங்கிவிடுவார். மற்றப்படி அவரைப்போல உதவி செய்பவரை நான் கண்டதில்லை. ஒரு மழை நாளில் ரயில்கள் நின்றுபோய், மகனைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து எடுக்க முடியாமல் நான் அழுதுகொண்டு நின்றபோது, அவர்தான் காரில் போய் அவனைக் கூட்டிவந்தார். நான் வீட்டுக்கு வந்து பார்த்தால், வாசலில் காருக்குள் மகனுக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் ஏதோ விண்ணப்பத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டுமென்று இரண்டு பத்திரங்களை என் மேசையில் வைத்தார். ஒன்று பெயர் மாற்றிய பத்திரம், மற்றது பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி. "வேற ஆரிட்டையும் கேக்க விருப்பமில்லை தங்கச்சி" என்றார். அதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. கையெழுத்து வைத்தேன். அவருடைய தகப்பனின் பெயரும் பிறந்த குறிச்சியும் கண்ணில் பட்டன. ஒரு சின்ன ஆச்சரியம்: அது என் அம்மாவின் ஊர்.

சில வருடங்களுக்குப் பிறகு என் கணவரின் அக்காவின் மகனும் வாக்கர் அண்ணையின் மகளும் பல்கலைக்கழகத்தில் பழகி, கல்யாணம் செய்ய விரும்பினார்கள். பெண் கெட்டிக்காரி, அமைதியானவள். எல்லோருக்கும் சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பையனின் தாயான மச்சாள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "நீர் அவரோடதானே வேலை செய்யிறீர்? ஆக்கள் ஆரெண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லும். பேரையும் மாத்தி வைச்சிருக்கிறார், ஒண்டும் பிடிபடேல்லை" என்றார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் அம்மாவின் ஊரிலேயே இருந்த பெரியப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பத்திரத்தில் பார்த்த தகப்பனின் பெயரைச் சொன்னதும் அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அட, அவனே! எங்கட வீட்டுக்கு வெளுக்கிறதுக்கு உடுப்பு எடுக்க வாறவன். படலைக்கு வெளியில நிண்டு கூப்பிடுவான். அவன்ர பெடியன் ஒண்டு வெளிநாடு போனது உண்மைதான்." பெரியப்பா பகையாக எதையும் சொல்லவில்லை. மழை பெய்ததா என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். நானும் அதை அப்படியே மச்சாளிடம் சொன்னேன்.

வெளியில் சாதகம் பொருந்தவில்லை என்று சொன்னார்கள். மருமகன் இரண்டு மாதம் தாயோடு பேசாமல் இருந்தான், பிறகு பேசினான். ஆனால் பிரியும்போது அந்தப் பெண்ணிடம் உண்மையான காரணத்தைச் சொல்லிவிட்டான்.

அந்த வாரம் வாக்கர் அண்ணை என்னை ஹரிஸ் பார்க்கில் ஒரு தேநீர்க் கடைக்கு அழைத்துப்போனார். இனிப்புத் தட்டுகளுக்குப் பக்கத்து மேசை. தேநீர் வந்ததும் தொடங்கினார்.

"வெள்ளைக்காரனுக்காகப் பேரை மாத்தினனான் எண்டுதானே எல்லாரும் நினைக்கிறியள்? இல்லை தங்கச்சி. எங்கட ஆக்களுக்குப் பயந்து மாத்தினது. அப்பான்ர பேரைச் சொன்னா அடுத்த கேள்வி 'அவர் எந்தக் குறிச்சி, என்ன தொழில்' எண்டுதான் வரும். இஞ்ச வந்த முதல் வீட்டிலயே வந்தது. அடுத்த நாள் எனக்குத் தேத்தண்ணி வேற கோப்பையில வந்தது."

அந்தக் குளிர்காலத்தில் நூலகத்தில் ஆங்கிலக் குடும்பப் பெயர்களைப் பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்து வாசித்தாராம். வாக்கர் என்றால் நடக்கிறவன் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். ஆனால் பழைய இங்கிலாந்தில், நெய்து வந்த கம்பளித் துணியைத் தொட்டியில் ஊறப்போட்டு, அழுக்குப் போய் இறுகும்வரை காலால் மிதிப்பவர்களுக்குத்தான் அந்தப் பெயர் இருந்தது. வடக்கே வாக்கர் என்றார்கள், வேறு பகுதிகளில் ஃபுல்லர், டக்கர் என்றார்கள். எல்லாம் ஒரே தொழில். நாற்றம் பிடித்த தண்ணீரில் நாள் முழுக்க நிற்கும் தொழில். இன்று அந்த நாட்டிலும் இந்த நாட்டிலும் அதிகம் பேர் வைத்திருக்கும் பெயர்களில் அதுவும் ஒன்று.

"என்ர அப்பரும் தண்ணிக்குள்ள நிண்டவர்தான். கால் விரலெல்லாம் வெடிச்சிருக்கும். இஞ்ச வாக்கர் எண்டு டொக்டர் இருக்கிறார், நீதவான் இருக்கிறார். உன்ர பூட்டன் ஆற்ற துணியை மிதிச்சவன் எண்டு ஒருத்தரும் அவையைக் கேக்கிறேல்லை. அதுதான் அந்தப் பேரை எடுத்தனான். அப்பரை நான் எறியேல்லை தங்கச்சி."

பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "நீங்களோ சொன்னனீங்கள்?"

"இல்லை அண்ணை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தார். இரண்டு மாதத்தில் வேலையை விட்டு மெல்பேர்னுக்குப் போய்விட்டார். பிரிவுபசாரத்தில் எல்லோருக்கும் கை கொடுத்தார், எனக்கும் கொடுத்தார்.

என் அப்பாவின் பெயர் எனக்கு ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. ஊரில் அதைச் சொன்னால் கதிரை இழுத்துப் போடுவார்கள். அந்தப் பெயரை நான் காப்பாற்றினேன் என்று பெருமைப்பட்டது எவ்வளவு மலிவான பெருமை என்று விளங்க எனக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. இளையவர்கள் இதையெல்லாம் கேட்பதில்லை என்று எங்கள் வயதுக்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் கேட்கவில்லைதான். கேட்டது நான்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு மெல்பேர்ன் போனபோது, முகவரி விசாரித்து கிளேட்டனில் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது மகள். அவள் அங்கே ஆராய்ச்சி வேலையில் இருக்கிறாளாம். கல்யாணமாகிவிட்டது, பெயரை மட்டும் மாற்றவில்லை என்று பின்னர் கேள்விப்பட்டேன். என்னை அடையாளம் கண்டதும் அவள் முகம் இறுகிவிட்டது. "டாட், சம்வன் ஃபோர் யூ" என்று உள்ளே சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவர் மெலிந்திருந்தார். கதவைப் பிடித்தபடி நின்றார். உள்ளே வரச் சொல்வதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன், சொன்னால்தான் உள்ளே போக உரிமை உண்டு என்று நினைத்தேன்.

"அண்ணை, அண்டைக்குப் பொய் சொன்னனான். நான்தான் சொன்னது."

"தெரியும். அந்தப் பத்திரத்தைப் பாத்தது நீங்கள் ஒராள்தானே."

"தெரிஞ்சுகொண்டு ஏன் என்னட்டைக் கேட்டனீங்கள்?"

"ஓம் எண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சன்" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். மன்னிப்பு என்ற சொல்லை அதன்பிறகு எந்த இடத்தில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மகனைப் பற்றிக் கேட்டார். படிப்பு முடிந்துவிட்டது என்றேன். நல்லது என்றார். உள்ளே ஒரு குழந்தை சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"போட்டு வாறன் அண்ணை" என்றேன். போய்த் திரும்பி வரும்படி 'போட்டு வாங்கோ' என்று பதில் சொல்வதுதான் எங்கள் வழக்கம்.

"சரி" என்றார்.