ஒன்று, ஒன்று, ஒன்று

ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அவரை நம்பர்காரர் என்பார்கள். சேர்ந்தது வரவேற்பு மேசையில். கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார், அன்றோடு சரி. பதினோரு வருஷமாக ரத்தக் குழாய்களுக்கு லேபிள் அச்சடிக்கிறார். லேபிளில் எண் மட்டும்தான், பெயர் கூடாது என்பது டாக்டரம்மாவின் சட்டம்.

எண்ணைத் தருவது அவர் எழுதிய கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டில் அந்த ஒரு வேலைக்கென்றே உள்ள சில வரிகள், அதாவது ஒரு ஃபங்ஷன். காலையில் ஒன்றில் தொடங்கி, கூப்பிடும்போதெல்லாம் அடுத்த எண்ணைத் தர வேண்டும். அவ்வளவுதான் அதற்கு வேலை. அதுதான் அதற்கு வராது. எண்ணைப் போட்டு உள்ளே வைத்த பெட்டி, அவர்கள் பாஷையில் மாறி, வேலை முடிந்ததும் அழிந்துவிடும். மறுபடி கூப்பிட்டால், முன்பின் தெரியாதவனைப் பார்ப்பதுபோல வந்து நிற்கும்.

அதனால் எண்ணை ஃபங்ஷனுக்கு வெளியே, எல்லாருக்கும் பொதுவான ஒரு மாறியில் வைத்து, அதற்குக் கவுன்ட் என்று பெயரிட்டிருந்தார். பதினோரு வருஷம் ஓடியது. போன வாரம் பக்கத்து மேசைக்காரர், அறிக்கைப் பக்கங்களை எண்ணுவதற்காக அதே ஸ்கிரிப்டில் நாலு வரி சேர்த்தார். அவரும் கவுன்ட் என்றே பெயர் வைத்தார். அவர் பக்கம் எண்ணத் தொடங்கும்போதெல்லாம் லேபிளும் ஒன்றுக்குப் போனது. ஒரே காலையில் இரண்டு பதினேழு. எது யாருடையது என்று தெரியாமல் இரண்டையும் கொட்டினார்கள். ஒன்று நம்பர்காரருடைய அக்காவின் ரத்தம்.

அந்த முடிவு வந்தால்தான் அவளுக்கு ஆபரேஷன் தேதி. நரம்பு லேசில் கிடைக்காத கை. அன்றைக்கு ஐந்து குத்து. கொட்டிவிட்டோம் என்று சொன்னதும் அவள் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“இன்னும் ஒரே ஒரு தடவை கை நீட்டுவேன்டா. அப்புறம் உங்க டாக்டரம்மாவே வந்து நின்னாலும் நீட்ட மாட்டேன்.”

பெயரை மாற்றச் சொன்னதற்குப் பக்கத்து மேசைக்காரர், தன்னுடையது இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறது, நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள் சார் என்றுவிட்டார். இன்று பெயரை மாற்றினால் நாளைக்கு இன்னொருவன் அதையே வைப்பான். எண்ணையே யார் கையும் படாத இடத்தில் வைப்பது என்று நம்பர்காரர் முடிவு செய்தார். ஒரு ஃபங்ஷன் தனக்குள் எண்ணை வைத்துக்கொண்டு, இன்னொரு சின்ன ஃபங்ஷனைச் செய்து வெளியே கொடுக்கும். அந்த எண் சின்னதன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்; சின்னது இருக்கும்வரை அழியவும் அழியாது.

பத்து மணிக்கு அக்கா வருகிறாள். ஒன்பதுக்கு ஓட்டிப் பார்த்தார். ஒன்று, ஒன்று, ஒன்று.

எழுத்து எழுத்தாகப் பார்த்தார். மெஷினை அணைத்துப் போட்டார். ஒன்று. நாற்பது நிமிஷம் போனது. பின்னால் டீ உறிஞ்சும் சத்தம் கேட்டது. பக்கத்து மேசைக்காரர்.

“சார், லேபிளுக்கு லேபிள் அந்தச் சின்ன ஃபங்ஷனைப் புதுசா செய்யச் சொல்லியிருக்கீங்க. புதுசுன்னா ஒண்ணுலதானே ஆரம்பிக்கும்?”

சரிதான். அதைச் செய்யும் வரி, ஒவ்வொரு லேபிளுக்கும் திரும்பத் திரும்ப ஓடும் சுற்றுக்குள்ளேயே கிடந்தது. போயும் போயும் இவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. வரியைச் சுற்றுக்கு வெளியே எடுத்துப் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. நன்றி சொல்லவில்லை.

அக்கா வந்தாள். இரண்டாவது குத்திலேயே ரத்தம் வந்தது. லேபிள் ஒன்பது. ஒட்டிவிட்டுக் குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பேனாவை எடுத்து எண்ணுக்குக் கீழே எழுதினார். அவசரத்தில் கை எழுதியது அவள் பெயரை அல்ல. அக்கா என்று.

அவள் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

“இதை அன்னைக்கே எழுதியிருக்கலாமேடா.”

மத்தியானம் டாக்டரம்மா கூப்பிட்டார்.

“ஒன்பதாம் நம்பர் அக்கா, யாருக்கு அக்கா?”

தனக்குத்தான் என்றார். சட்டத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் அக்காவின் முடிவுத் தாள் கைக்கு வந்தது. அளவுகள் சரியாக இருந்தன. வியாழக்கிழமை ஆபரேஷன்.

மேசைக்குத் திரும்பியபோது மெஷின் நாற்பத்திரண்டைத் துப்பியிருந்தது. அதற்கு முந்தையது நாற்பத்தொன்றுதானா என்று பார்க்கக் குழாய்த் தட்டுவரை நடந்தார்.