ட்ராம் முக்கு

கிழக்கேகோட்டையில் ஏறிய பஸ், 'ட்ராம் முக்கு' என்ற புறநகர் நிறுத்தத்தில் என்னை இறக்கிவிட்டுப் போகிறது. சாலையை மேலும் கீழும் பார்க்கிறேன். தண்டவாளம் இல்லை, தலைக்கு மேல் மின்கம்பியும் இல்லை. ஆனால் ஒரு பக்கத்துக் கடைகள் மட்டும் யாருக்கோ வழிவிட்டதுபோல் பின்வாங்கி நிற்கின்றன.

"ட்ராம் எங்கே?" என்று வெற்றிலைக் கடைக்காரரிடம் கேட்கிறேன். நாஞ்சில் நாட்டுக்காரர்.

"இன்னும் வரல்லே சாரே. கரண்டு வண்டி வரப்போவுதுன்னு ஒரு பேச்சு வந்துது. ஒடனே முக்குக்குப் பேரு வச்சாச்சு, கடையளயும் தள்ளிக் கெட்டியாச்சு."

"எப்போது வந்த பேச்சு?"

"எனக்குக் கல்யாணம் ஆவுறதுக்கு முன்ன."

கல்லாவில் அவருடைய மருமகன் உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் மதராஸில் ட்ராம் நின்றுபோன பிறகும் நிறுத்தங்களை அதே பெயரில்தான் சொல்கிறோம். இங்கே வராத ட்ராமுக்கும் நிறுத்தம் இருக்கிறது. இதில் எது சரி?

"சாருக்கு மெட்ராஸ்தானே? அங்க ஓடுதில்லா?"

"போன வருஷம் நிறுத்திட்டாங்க."

அவர் முகம் வாடப்போகிறது என்று நினைக்கிறேன். பிரகாசமாகிறது.

"அப்பம் அந்த வண்டியெல்லாம் சும்மாதானே கெடக்கும்? இங்கோட்டு அனுப்பச் சொல்லப்படாதா?"