முகூர்த்தக்கால் ஊன்றிய வீடு

கப்பல் இரண்டு நாள் தாமதமாகப் பினாங்கு வந்தது. அந்த இரண்டு நாளில்தான் எல்லாம் கெட்டது.

கருப்பம்மாள் போட்டிருந்த திட்டம் வேறு. வியாழக்கிழமை இறங்குவது, வெள்ளிக்கிழமை விடிந்ததும் பத்து காஜாவுக்குப் போய் ஆத்தோரத் தோட்டத்து இடுகாட்டில் மகன் சீனியைப் பார்ப்பது, தலைக்கு ஊற்றிக்கொண்டு அதன்பிறகு ஈப்போவில் கல்யாண வீட்டில் கால் வைப்பது. ஆனால் இறங்கியதே சனிக்கிழமை. மணப்பெண்ணின் அப்பா பத்துமலை துறைமுகத்துக்கே காரோடு வந்து, கருப்பம்மாளையும் அவள் கணவர் அப்பாவுவையும் ஈப்போ புந்தோங்கில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். வாசலில் மாவிலை கட்டிய முகூர்த்தக்கால். முதல் நாளே ஊன்றியிருந்தார்கள்.

"இனி பந்தல் பிரிக்கிற வரைக்கும் இந்த வீட்ல தங்குற யாரும் இடுகாட்டுப் பக்கம் போகக்கூடாதுக்கா. ஒனக்குத் தெரியாததா?" என்றாள் பத்துமலையின் மனைவி வீரம்மா.

தெரியும். பந்தல் பிரிப்பது கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள். கப்பலோ கல்யாணத்தன்றே பிற்பகல் நாகப்பட்டினத்துக்குத் திரும்புகிறது.

கருப்பம்மாளும் வீரம்மாவும் அந்தத் தோட்டத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரிகள். இருவரின் கணவன்மாரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள். சீனியும் வீரம்மாவின் மகள் செல்லாயியும் ஒரே வருடத்துப் பிள்ளைகள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் ஒரே ஏணையில் தூங்கியவர்கள். சீனி ஐந்து வயதில் காய்ச்சலில் போனான். நான்கு வருடம் கழித்து, குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் கிடையாது என்று சொல்லிவிட்டதால், கருப்பம்மாளும் அப்பாவுவும் முசிறிப் பக்கம் அப்பாவுவின் அப்பா விட்டுவந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கப்பலில் ஏற்ற முடியாத அம்மிக்கல்லைக் கருப்பம்மாள் வீரம்மாவிடம் கொடுத்தாள். இப்போது செல்லாயிக்குக் கல்யாணம். டிக்கெட் எடுத்து அனுப்பியது பத்துமலை. அதனால் வாய் திறக்கவும் வழியில்லை.

அந்த எட்டு நாளும் அவளை ஒரு துரும்பு எடுக்க விடவில்லை. வெங்காயம் உரிக்கப் போனால் யாராவது கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். "ஊர்லேருந்து வந்தவங்கல்ல, சும்மா இருங்க." மற்றவர்களுக்குக் கோப்பி, அவளுக்கு மைலோ சத்துபானம். வருகிறவர்களிடமெல்லாம் "இந்தியா ஆளுங்க" என்று அறிமுகம். அப்பாவுவுக்கு அது பிடித்துப்போயிற்று. சலவை வேட்டியோடு பந்தலில் உட்கார்ந்து காவிரியில் தண்ணீர் வருவதைப் பற்றி, ஏதோ அணையைத் தானே திறந்துவிட்டவர்போல் பேசிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பாப்பா என்ற உறவுக்காரப் பெண் ஒரு தட்டோடு வந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "அத்தை, இது ரம்புத்தான். முள்ளு மாதிரி இருக்கும், ஆனா குத்தாது. தோல உரிச்சுட்டுச் சாப்பிடணும்."

முப்பத்து நான்கு வருடம் அந்த மண்ணில் இருந்தவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கொட்டையத் துப்பணுமா, முழுங்கணுமாம்மா?"

"துப்பிடுங்க அத்தை" என்றாள் அந்தப் பெண் அக்கறையாக.

அன்று யாரும் பார்க்காத நேரத்தில் அடுப்படியை எட்டிப் பார்த்தாள். மேசைமேல் மின்சார அரவை இயந்திரம் பளபளத்தது. அம்மியைக் காணோம். வீரம்மா விற்றிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. பையின் அடியில் சீனிக்கு என்று வாங்கிய வேட்டி கிடந்தது. அரைக்கால் சட்டை வாங்கத்தான் கடைக்குப் போனாள். இருந்திருந்தால் இருபது வயதாகியிருக்கும் என்று தோன்றியதும் வேட்டியாக எடுத்தாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள், மறு சனிக்கிழமை காலையில் பத்துமலை இருவரையும் கோயில் மண்டபத்துக்கு அழைத்துப்போய் மணவறையைக் காட்டினார். முதல் வரிசையில் இரண்டு மெத்தை நாற்காலிகள். முதுகில் ஒட்டியிருந்த சீட்டுகளில் 'இந்திய விருந்தினர்' என்று எழுதியிருந்தது.

வீடு திரும்பிப் பந்தலுக்குள் வந்ததும் கருப்பம்மாள் நின்றாள்.

"அண்ணே, விருந்தாளிக்கு ஒங்க வீட்டுத் தடை உண்டா?"

"என்ன தங்கச்சி?"

"அடுப்படிக்கு வந்தா நான் விருந்தாளி. எம் புள்ளயப் பாக்கக் கெளம்புனா மட்டும் இந்த வீட்டு ஆளா? எதையாச்சும் ஒண்ணச் சொல்லுங்க."

பூக்கட்டிய பெண்கள் நாரை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள்.

"ஏய், மானத்த வாங்காத" என்றார் அப்பாவு. "செத்து பதினஞ்சு வருசமாச்சு. டிக்கெட் எடுத்துக் கூப்ட்டவன் வாசல்ல நின்னு பேசுற பேச்சா?"

"நீங்க போய்க் காவேரியத் தொறந்து விடுங்க."

யாரோ சிரித்து அடக்கினார்கள். பத்துமலை கையைப் பிசைந்தார். "போய்ட்டு வந்து, நாளைக்கு எம் மகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒனக்குத் தாங்குமா தங்கச்சி?"

தாங்காது. எட்டு நாளும் அவளைக் கட்டிப்போட்டிருந்தது அதுதான், டிக்கெட்கூட அல்ல. செல்லாயியை அவளும் இடுப்பில் தூக்கியிருக்கிறாள்.

"நான் திரும்பி வரலண்ணே" என்றாள். "போனா போனதுதான். தாலி கட்டுறத ஒங்க மச்சான் பாக்கட்டும்."

உள்ளே போய்ப் பையை எடுத்தாள். மணப்பெண் இருந்த அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை. வெளியே வந்தபோது வீரம்மா பழைய நாளிதழில் சுற்றிய பாராங் கத்தியோடு படியருகே நின்றாள்.

"லாலாங் புல்லு இடுப்பு உயரம் இருக்கும். வெறுங்கையோட போனா கஷ்டம், சுசாக்கா. தை மாசந்தான் வெட்டுனேன்."

கருப்பம்மாளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "நீ போறியா?"

"வருசா வருசம். வேலியோரம் மூணாவது மேடு. ஒன் அம்மிக்கல்லத்தான் தலமாட்டுல போட்டிருக்கேன்; இல்லாட்டி எடமே தெரியாது. ராத்திரிக்கு பத்து காஜாவுல நம்ம கொட்டகை கெர்ட்ரூட் ஆயா வீட்ல படுத்துக்க. அவங்க வேதக்காரங்க, இந்தத் தீட்டெல்லாம் கெடையாது."

"எட்டு நாளா இத ஏண்டி சொல்லல?"

"சொன்னா அப்பவே கெளம்பிருப்ப. எனக்கு நீ கல்யாணத்துல வேணும்லா." வீரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போ. திரும்பிப் பாக்காத."

தோட்டத்தில் பால்மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை நின்றது. டாக்சிக்காரரைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்தாள். வேலியோரம் புல்லை வெட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று, கையில் கொப்புளம் கண்டது. அம்மியின் நடுவில் அவள் அரைத்து அரைத்துத் தேய்ந்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றது. அதைக் கையால் இறைத்துவிட்டு முந்தானையால் துடைத்தாள். வேட்டியைப் பிரித்து மேட்டின்மேல் விரித்தபோது அது நாலாபுறமும் வழிந்தது. இரண்டாக மடித்துப் போட்டாள். அப்போதும் பெரிதாகத்தான் இருந்தது.

ஞாயிறு காலை, தாலி கட்டும் நேரமான ஏழரை மணிக்குக் கெர்ட்ரூட் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒன்பது மணிக்கு அப்பாவு டாக்சியோடு வந்தார். நெற்றியில் சந்தனம் காயவில்லை.

"எல்லாரும் கேட்டாங்க. ஒடம்புக்கு முடியலன்னு சொன்னேன்."

"வீரம்மா என்ன சொன்னா?"

"அவளா? மண்டபத்துல ஆளுங்க எடமில்லாம நின்னுக்கிட்டிருந்தாங்க. ஒன் நாற்காலியில யாரையும் ஒக்கார விடல. முதுகுல ஒட்டியிருந்த அந்த 'இந்திய விருந்தினர்' சீட்ட மட்டும் கிழிச்சுப் போட்டா."

கருப்பம்மாள் பாராங்கைக் கழுவித் துடைத்து, அதே நாளிதழில் சுற்றிக் கெர்ட்ரூட்டிடம் கொடுத்தாள். தைக்கு முன்னால் வீரம்மாவிடம் சேர்த்துவிடச் சொன்னாள்.